கொல்லைக்கு வரும் இளவேனில்

பின்பனி மாசி, பங்குனித் திங்களுக்கு உரியதென்றும், இளவேனில் சித்திரை, வைகாசித் திங்களுக்கு உரியதென்றும் நம் முன்னோர் வகுத்து வைத்தனர். மும்பை மாநகரின் கிழக்கே, டிராம்பே குன்றுகளுக்கு இப்பால் உள்ள செம்பூரில் குடியிருக்கும் நமக்கு இந்தக் கணக்குச் சற்று முன்னும் பின்னுமாகத்தான் பொருந்துகிறது. இங்கே பனி என்பது தை மாதத்து விடியற்காலையில் ஒரு போர்வையளவு குளிர். மாசி பிறந்து பத்து நாளாவதற்குள் அது யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுகிறது. காலையில் கிழக்கிலிருந்து நிலக்காற்று வீசும். நண்பகலுக்கு மேல் மேற்கிலிருந்து கடற்காற்று வந்து ஊரைத் தணிக்கும். கடற்காற்று வரத் தாமதித்த நாளில்தான் துன்பம். 1956-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 41.7 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. சித்திரை வெயிலிலும் அத்தனை சூட்டை இந்நகரம் காண்பது அரிது. ஆகவே பங்குனியே இங்குப் பல நாட்களில் சித்திரையை மிஞ்சிவிடுகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு ஆங்கிலேயர் 'ஸ்பிரிங்' என்னும் சொல்லைத் தமிழில் 'வசந்தம்' என்று எழுதும்போதெல்லாம் ஓர் உறுத்தல் உண்டு. அவர்களுக்கு அது நெடுங்குளிரிலிருந்து கிடைக்கும் விடுதலை. நமக்கோ கடுங்கோடையின் வாயிற்படி. அவர்கள் அப்பருவத்தில் வெளியே உலாவப் புறப்படுகிறார்கள். நம் வீடுகளில் அப்போதுதான் வேலை தொடங்குகிறது. வடாம் இட வேண்டும்; மாவடு போட வேண்டும்; வேப்பம்பூ சேர்க்க வேண்டும். ஆண்டு முழுவதும் அடுக்களை கேட்கப்போகும் பொருளை இந்த இரண்டு மாதத்து வெயிலும் மரமும் கொடுத்தாக வேண்டும். செம்பூரில் இளவேனில் வருவதை நாம் அறிந்துகொள்வது இந்த வேலைகளின் வழியேதான். கொல்லையென்று சொல்லத்தக்க சிறு மண்ணும், மேலே திறந்த மாடியும் உள்ள வரையில் அந்த அறிவுக்குக் குறைவில்லை.

செம்பூர் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் செம்மையான ஊர் என்று பொருள் கொண்டு மகிழாத தமிழர் இலர். சேடா நகர் முருகன் கோயிலை அன்பர்கள் 'திருச்செம்பூர்' என்றே அழைக்கின்றனர். ஆனால் 'சிம்போரி' என்று மராத்தியில் வழங்கும் பெருநண்டின் பெயரே ஊருக்கு ஆயிற்றென்பாரும் உண்டு. கழிமுகச் சேற்றையும் மாகுல் கிராமத்து மீனவரையும் நினைத்தால் அவ்விளக்கத்தைத் தள்ளிவிட மனம் வரவில்லை. 1950-களின் நடுவில் மாகுல் பக்கம் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. 1954-இல் டிராம்பேயில் அணுசக்தி ஆராய்ச்சிக்கான நிலையம் அமைந்தது. அடுத்த பத்தாண்டில் உரத் தொழிற்சாலையும் வந்தது. மாதுங்காவில் இடம் போதாமற் போன தமிழ்க் குடும்பங்கள் பல இவ்வேலைகளை நாடியும், மலிந்த வாடகையை நாடியும் இங்கே வந்தன. புகையும் உடன் வந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் நாட்டின் தொழிற்பகுதிகளை அளவிட்டபோது, மாசு மிகுந்தவற்றின் வரிசையில் செம்பூரும் இடம்பெற்றது. அத்தகைய ஊரில் வசந்தமாவது வருவதாவது என்று வெளியூர்ச் சுற்றத்தார் நகைப்பர். அவர்கள் மாசி மாதத்தில் ஒரு வாரம் இங்கே தங்கிப் பார்க்க வேண்டும்.

முதலிற் செய்தி சொல்லுவது நாட்டு வாதுமை மரம். தை முடிவில் அதன் இலைகள் செம்பட்டாய்ச் சிவந்து, ஒவ்வொன்றும் ஒரு தட்டு அளவாக வாயிலில் வந்து விழும். பெருக்குகிறவர் முணுமுணுப்பார். அடுத்து இலவமரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவந்த கிண்ணம்போன்ற பூக்களைத் தாங்கும். காகமும் மைனாவும் அதில் தேன் குடிக்கக் கூடும். அரசமரத்தில் செம்பு நிறத் தளிர் துடிக்கும். பிறகு முருங்கை. தமிழர் வீட்டுக் கொல்லையில் முருங்கை இல்லாதிருப்பது அரிது. மராத்தியரும் அதனைச் 'சேவ்கா' என்று கொண்டாடுவர். வெண்பூக் கொத்துக்களில் தேன்சிட்டு தலைகீழாய்த் தொங்கும். அந்தத் தேன்சிட்டே சில நாளில் நம் முகப்பில் துணி உலர்த்தும் கம்பியிலோ, கொடியிலோ சிலந்தி நூலும் சருகும் கொண்டு பை போன்ற கூட்டைத் தொங்கவிடும். அது கூடு கட்டிய கம்பியில் ஒரு மாதத்துக்குத் துணி போடலாகாது என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம்.

இப்பருவத்துக்கே உரிய மற்றோர் ஒலி உண்டு. மாசி மாதத்து நண்பகலில், ஊர் அடங்கிய வேளையில், எங்கோ ஒரு கன்னான் செம்புப் பாத்திரத்தைத் தட்டுவது போன்று 'டொங்கு, டொங்கு' என்று இடைவிடாது கேட்கும். அது செம்மார்புக் குக்குறுவான் என்னும் சிறு பறவையின் குரல். சிட்டுக்குருவியினும் சற்றே பெரிது. பச்சை உடல், சிவந்த நெற்றியும் மார்பும், மஞ்சள் கழுத்து. மராத்தியர் இதனைத் 'தாம்பட்' என்பர். தாம்பட் என்றால் செம்பு கொட்டுகிறவன். ஆங்கிலப் பெயரும் அப்பொருளதே. செம்பூரில் செம்பு தட்டும் பறவை என்று சொல்லிப் பார்த்து நாம் மகிழ்வதுண்டு. சொல்லை வைத்துப் பிழைப்பவர்க்கு அவ்வளவு உரிமை கொடுத்தல் தகும். இப்பறவை முருங்கை போன்ற மெல்லிய மரத்தின் பட்டுப்போன கிளையில் துளையிட்டுக் குடும்பம் நடத்தும். பட்ட கிளைதான் அதற்கு வீடு. மழைக்காலத்தில் முறிந்து விழுமென்று அஞ்சிக் கோடையிலேயே பட்ட கிளைகளைத் தறிப்பது நகரங்களின் வழக்கம். பாதசாரிகளின் தலையைக் காப்பதற்குச் செய்வதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஏணி வைக்குமுன் கிளையின் அடிப்பக்கத்தில் ரூபாய்க் காசளவு வட்டத் துளை இருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்க்கும்படி வேலையாளிடம் சொல்லலாம். சொன்னால் கேட்கிறார்கள், ஒரு மாதம் கழித்து வருகிறோம் என்று போகிறார்கள்.

குயிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலாது. சொல்லவும் அச்சமாயிருக்கிறது, ஏனெனில் கவிகள் சொல்லி முடித்துவிட்டார்கள். செம்பூர்வாசிகள் அதனை அறிந்திருப்பது வேறு விதம். மாசி இறுதியில் தொடங்கி, விடியற்காலை நான்கு மணிக்குச் சன்னலருகே மேன்மேலும் குரலை உயர்த்திக் கூவி, இரவு வேலை முடித்து வந்து படுத்தவரை எழுப்பிவிடும் பறவை அது. கூவுவது கரிய ஆண். புள்ளியிட்ட பெட்டையோ ஓசையின்றி காகத்தின் கூட்டை உளவு பார்த்துக்கொண்டிருக்கும். காகம் சித்திரையிலிருந்து கூடு கட்டும். குயில் அதில் முட்டையிடும். குயிற்குஞ்சு காகக் குஞ்சுக்குச் சில நாள் முன்னதாகவே வெளிவந்து இரையைப் பெற்றுக்கொள்ளும். ஆதலால் குயிலின் பருவம் இளவேனிலோடு முடிவதில்லை. காகம் குஞ்சு வளர்க்கும் மழைக்காலத் தொடக்கம் வரை அதன் குரல் உண்டு. சென்னையில் வாழ்ந்து, 1950 முதல் 1996-இல் மறையும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கை பற்றி எழுதிவந்த மா. கிருஷ்ணன் தமிழிலும் எழுதினார். அக்கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து வெளியிட்ட நூலுக்கு 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று பெயர். அந்தத் தலைப்பைக் கண்டு வியப்பவர் ஆனி மாதத்தில் செம்பூருக்கு வந்தால் வியப்பு நீங்குவர்.

காகத்தை நினைத்ததும் வடாம் நினைவுக்கு வருகிறது. மாசிச் செவ்வாய், வெள்ளி பார்த்து வடாம் தொடங்கும் வீடுகள் இன்னும் உள்ளன. விடியற்காலையில் கூழ் கிளற வேண்டும். பச்சரிசி மாவு, உப்பு, அரைத்த பச்சை மிளகாய், பெருங்காயம். இறக்கியபின் எலுமிச்சைச் சாறு. சில வீடுகளில் ஜவ்வரிசி, சில வீடுகளில் பிரண்டை. வெயில் ஏறுமுன் மாடிக்குச் சென்று, பழைய வேட்டியை நனைத்து விரித்து, நான்கு முனைக்கும் செங்கல் வைத்து, கூழைக் கரண்டியால் ஊற்றியோ நாழியில் பிழிந்தோ இட வேண்டும். பின்னர் காகத்துக்குக் காவல். கறுப்புக் குடையை விரித்து வைப்பது ஒரு முறை. சிவந்த மிளகாயைச் சுற்றிலும் தூவுவது மற்றொரு முறை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையைப் புத்தகத்தோடு உட்கார்த்தி வைப்பதே தலைசிறந்த முறை. அமாவாசையன்று அழைத்தழைத்துச் சோறிடும் காகத்தை மறுநாள் கம்பெடுத்து விரட்டுகிறோம். அதுவும் அதனைப் பொருட்படுத்தியதில்லை.

இவ்வேலைக்கு இன்று வந்திருக்கும் இடையூறு காகத்தினால் அன்று. மொட்டை மாடிகள் குறைந்துவிட்டன. பழைய கட்டிடங்களில் மழைக்கு ஒழுகுகிறதென்று மாடி முழுவதும் தகரக் கூரை போட்டுவிட்டார்கள். அதன் கீழே வெயில் இல்லை. மற்றவற்றில் சூரிய வெப்பக் கலங்கள், தொலைபேசிக் கம்பங்கள், பூட்டு. திறந்த மாடி கிடைத்தாலும், இடிப்பதும் கட்டுவதும் நாற்புறமும் ஓயாது நடப்பதால், காலைக் காற்றில் சிமெண்டுத் தூசு வருகிறது. பொரித்த வடாத்தில் பல்லில் மணல் படுமானால் அந்த ஆண்டு உழைப்பெல்லாம் வீண். ஆகவே பலர் வேட்டிக்கு மேலே மெல்லிய கொசுவலையைக் கட்டுகின்றனர். நம் வீட்டில் எழுபது கடந்த அன்னையார் மூன்று ஆண்டுகளாக மாடி ஏறுவதில்லை. முழங்கால் இடங்கொடுக்கவில்லை. கூழின் பதத்தைக் கீழேயே விரலால் தொட்டுச் சொல்லிவிட்டு, மேலே என்ன நடக்கிறதென்று படிக்கட்டின் அடியில் நின்று வினவுவார்.

மாவடுவின் கதை வேறு. மாமரம் ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்களைப் பூத்து, அவற்றுள் ஒன்றிரண்டையே கனியாக்கும். எஞ்சியவற்றையெல்லாம் பூவாகவும் பிஞ்சாகவும் உதிர்த்துவிடும். மரம் வேண்டாமென்று விட்டதைப் பொறுக்கி ஊறுகாயாக்கியவர் எவரோ, அவர் பேரறிவாளர். செம்பூர்த் தமிழ்க் காய்கறிக் கடைகளுக்கு மாசி, பங்குனியில் தமிழ்நாட்டிலிருந்து வடு வரும். அந்தக் கூடையைச் சுற்றி அன்று கூட்டம் மொய்க்கும். கொல்லை மாமரத்துப் பிஞ்சு அவ்வளவு மணமுடையதன்று என்பர். எனினும் காம்போடு விழுந்ததை விட மனம் வராமல், விளக்கெண்ணெய் தடவி, உப்பும் மிளகாயும் கடுகும் மஞ்சளும் சேர்த்து ஒரு சிறு சாடியாவது போட்டு வைப்பதுண்டு. நாள்தோறும் குலுக்க வேண்டும். ஒரு வாரத்தில் சுருங்கும்.

வேம்பு ஒன்றுதான் நம்மையும் அண்டை வீட்டு மராத்தியரையும் ஒரே மரத்தடியில் சேர்க்கிறது. அவர்களுடைய ஆண்டுப் பிறப்பாகிய குடி பாட்வா, சைத்திர மாதத்து முதல் நாளில், பெரும்பாலும் நம் சித்திரைக்கு முன்னதாக வரும். ('குடி' என்று தமிழில் எழுதினால் வேறு பொருள் பட்டுவிடுகிறதே என்று வருந்துவதன்றி நம்மால் செய்யக்கூடியது யாதுமில்லை, அவர்கள் மொழியில் அது கொடிக்கம்பம்.) மூங்கிற் கழியின் உச்சியில் பட்டுத்துணி சார்த்தி, சர்க்கரை மாலையும் வேப்பங்கொத்தும் மாவிலையும் கட்டி, செம்பைக் கவிழ்த்துச் சன்னலில் நிறுத்துவர். வேப்பிலைக் கொழுந்தை வெல்லத்தோடு சேர்த்து உண்பர். நாம் சித்திரை முதல் நாளில் அதே மரத்தின் பூவை நெய்யில் வறுத்து, வெல்லமும் மாங்காயும் கூட்டிப் பச்சடியாக உண்கிறோம். கசப்பும் இனிப்பும் கலந்து ஆண்டைத் தொடங்கும் எண்ணம் இரு மொழியினர்க்கும் ஒன்று. அவர்களுக்கு இலை, நமக்குப் பூ.

இதனால் ஒரு சிறு வழக்கும் ஆண்டுதோறும் எழும். பாட்வாவுக்குக் கொத்தை ஒடித்தால் அதிலுள்ள பூவும் அரும்பும் போகின்றன. "மாமி, கீழ்க்கிளையில் மட்டும் ஒடிக்கச் சொல்கிறேன்" என்று பக்கத்து வீட்டு அம்மையார் முன்கூட்டியே வந்து நம் அன்னையாரிடம் சொல்லுவார். மாமி என்னும் சொல்லை அவர் நாற்பது ஆண்டுக்கு முன்பே கற்றுக்கொண்டார். மேற்கிளைப் பூ நமக்கு. இரவில் மரத்தடியில் பழைய புடவையை விரித்துவிட்டால் விடியலில் பூ உதிர்ந்து கிடக்கும். காம்பும் சருகும் நீக்கி, நிழலில் இட்டுப் பின் வெயிலில் காயவைத்தால் ஓராண்டு ரசத்துக்குப் போதும். மண் தரையில்தான் புடவை விரிக்கலாம். கார்கள் நிற்குமிடத்தில் விரிக்கலாகாது.

நேயர்களே, செம்பூரில் 1960-களிலும் எழுபதுகளிலும் எழுந்த தரையும் மூன்று மாடியுமான கட்டிடங்கள் இப்போது ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, இருபது மாடியாக உயர்கின்றன. நாம் குடியிருக்கும் கூட்டுறவுச் சங்கத்தின் முறையும் வந்துவிட்டது. இதனை எதிர்த்துப் பேசுவது நம் கருத்தன்று. கூரை பெயர்ந்து விழும் வீட்டில் வசந்தத்தை வரவேற்க முடியாது. முழங்கால் வலியுடையவர்க்கு மின்தூக்கி வேண்டும். ஆனால் புதிய கட்டிடத்தின் வரைபடம் சென்ற மாதம் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட முற்றத்தில் விரிக்கப்பட்டபோது, ஆடவர் அனைவரும் சதுர அடியையும், இடைக்கால வாடகையையும், கார் நிறுத்த எத்தனை இடமென்பதையும் வினவினர். வேப்பங்கொத்து கேட்கும் அந்த மராத்தி அம்மையார்தாம் முதன்முதலில், "இதில் மண் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

கட்டிடக் கலைஞர் பச்சை வண்ணம் தீட்டிய இடத்தைக் காட்டினார். அது மண் அன்று. கார் நிறுத்தும் அடுக்குகளின் மேலே அமையும் கான்கிரீட்டுத் தளம். அதன்மேல் சில அடி மண் பரப்பிப் புல்லும் அலங்காரப் பனையும் நடுவார்கள். புல்லுக்கு அது போதும். ஆழ வேர்விடும் வேம்பும் மாவும் அதில் முழு வளர்ச்சி பெற இயலாது. பெய்யும் மழையும் நிலத்தில் இறங்காது.

சட்டம் இதனை முற்றிலும் மறந்துவிடவில்லை. 1975-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டப்படி, மர ஆணையத்தின் அனுமதி இல்லாமல் மரத்தை வெட்டலாகாது. 2021-இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, ஐம்பது ஆண்டு கடந்த மரங்கள் மரபு மரங்கள் எனப்பட்டன. மரத்தை வெட்ட நேர்ந்தால் அதன் வயது எவ்வளவோ அத்தனை கன்றுகள் நட வேண்டுமென்றும் விதித்தனர். நல்ல விதியே. ஆயினும் ஐம்பது கன்றும் எங்கே நடப்படும், அவற்றுள் எத்தனை பிழைக்கும் என்பது வேறு கேள்வி. வேப்பங்கன்று பூக்கவே மூன்று முதல் ஐந்து ஆண்டாகும். வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவதாகவும் சொல்லுகிறார்கள். முதிர்ந்த மரங்கள் அவ்வாறு பிழைப்பது அரிதென்பதை இந்நகரத்தார் கண்டிருக்கின்றனர்.

நம் வேம்பு வடகிழக்கு மூலையில், மதிலோரமாக நிற்கிறது. முதலில் குடிவந்தவருள் ஒருவர் 1968-இல் நட்டது. அவரே இன்றும் சாட்சி சொல்ல இருக்கிறார். உயர்ந்த கட்டிடத்தைச் சுற்றித் தீயணைப்பு வண்டி செல்ல வழி விட வேண்டுமாதலால், அந்த மூலை வழிக்குள் அகப்பட்டுக்கொள்கிறது என்று கட்டிடக் கலைஞர் முதலில் கூறினார். அது புறக்கணிக்கத்தக்க காரணமன்று. தீ என்றால் விளையாட்டில்லை. ஆனால் கார்கள் ஏறும் சாய்தளத்தைத் தென்புறத்துக்கு மாற்றினால் வண்டிக்கும் வழி கிடைக்கும், மரத்தைச் சுற்றிப் பத்தடி மண்ணும் தப்பும் என்று பிறகு கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார். அதற்கு விலை, இரண்டு கார் நிறுத்துமிடம். யாருடைய இரண்டு இடம் என்பதில்தான் இப்போது பேச்சு நிற்கிறது. கார் இல்லாத வீடுகள் நான்கு உள்ளன. ஆனால் இடத்தை விட்டுக்கொடுத்தால் நாளை விற்கும்போது வீட்டின் விலை குறையுமென்று அவர்களுக்கும் அச்சம். அந்த அச்சம் நியாயமானதே; ஓய்வூதியத்தில் வாழ்வோர்க்கு வீடு ஒன்றே சேமிப்பு. அவர்களுக்கு ஈடாகச் சங்கத்தின் மூலநிதியிலிருந்து ஒரு தொகை கொடுக்கலாமென்று நம் வீட்டார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மராத்தி அம்மையாரும், மேல்மாடியில் இருக்கும் சிந்திக் குடும்பத்தாரும், பாலக்காட்டிலிருந்து வந்தவர் ஒருவரும் கையொப்பமிட்டிருக்கின்றனர். மொட்டை மாடியில் ஒரு பகுதியைக் கூரையின்றித் திறந்துவைக்க வேண்டுமென்றும் அதே தாளில் இரண்டாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம். அதனை எழுதச் சொன்னவர் அன்னையார். இருபதாம் மாடிக்கும் மின்தூக்கி போகுமல்லவா என்று அவர் ஒருமுறைக்கு இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

பொதுக்குழு பங்குனி இருபதாம் தேதி வாக்கில் கூடும். மரம் இப்போது இலையெல்லாம் உதிர்த்துச் செந்தளிர் விட்டு, நுனிகளில் அரும்பு கட்டியிருக்கிறது. கூட்டம் நடக்கும் நாளில் பூ உதிரத் தொடங்கியிருக்கும்.